மாடி வீட்டுக்காரி

அவளுக்கு இரண்டு வீடுகள். ஒன்றில் கணவனோடு வாடகைக்கு இருந்தாள். இன்னொன்றில் சம்பளத்துக்கு இருந்தாள்.

சம்பளத்துக்கு இருந்த வீடு ஒரு மின்சாமான் கடையின் மாடியில் இருந்தது. கூடம், சமையலறை, படுக்கையறை, குளியலறை எல்லாம் உண்டு. குழாயில் தண்ணீர் வராது. ஃபிரிட்ஜுக்குள் பேட்டரிகள் இருக்கும். அலமாரியில் அடுக்கியிருந்த புத்தகங்கள் வெறும் அட்டைகள். படுக்கையறை ஜன்னலின் திரை விலகினால் பச்சை மலை ஒன்று தெரியும். மலைக்குப் பின்னால் ஒரு குழல்விளக்கை வைத்திருந்ததால் அங்கே எப்போதும் விடிகாலைதான். ஆளைக் கண்டால் தானே எரியும் விளக்கு, வெக்கை ஏறினால் தானே சுழலும் மின்விசிறி, சொன்னால் விலகும் திரை ஆகியவற்றை வாங்க வருகிறவர்களுக்கு நடந்து காட்டுவதற்காகக் கட்டிய மாதிரி வீடு அது. நடந்து காட்டுவது அவள் வேலை. கடையில் எல்லோரும் அவளை மாடி வீட்டுக்காரி என்றார்கள். சீக்கிரமே அவளுக்கும் அது பழகிவிட்டது. யாராவது வீட்டுக்குப் போகலையா என்று கேட்டால், எந்த வீட்டுக்கு என்று திருப்பிக் கேட்பாள்.

அதற்கு முன் கீழே பேக்கிங் பிரிவில் இருந்தாள். ஒருநாள் அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனபோது, முதலாளி ஒரு தம்பதிக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளே காலை வைத்ததும் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. பெட்டியை இறக்காமலே அண்ணாந்து பார்த்து, "சரி சரி, வந்துட்டேன். பார்த்துட்டேல்ல, சும்மா இரு" என்றாள். தம்பதி சிரித்தார்கள். சிரித்தவர்கள் வாங்கியும் போனார்கள். மறுநாளிலிருந்து அவள் மாடியில்.

விளக்கம் சொல்ல அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அவளாக ஒன்று செய்துகொண்டாள்.

"இதுல மொத்தம் மூணே ஆளுங்க. ஒருத்தர் பார்க்கணும். ஒருத்தர் முடிவு பண்ணணும். ஒருத்தர் எழுந்து போய்ச் செய்யணும்."

சுவரில் ஒட்டிய சென்சாரைக் காட்டுவாள். அது பார்க்கிற ஆள். டிவி பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பெட்டி, முடிவு பண்ணுகிற ஆள். ஸ்விட்ச் பலகைக்குள் ஒளிந்திருக்கும் ரிலேயும், திரையை இழுக்கும் மோட்டாரும் எழுந்து போய்ச் செய்கிற ஆட்கள். ஸ்விட்சை நம் விரல் தட்டுவதற்குப் பதிலாக ரிலே தட்டுகிறது, அவ்வளவுதான் என்பாள். பிறகு குரலை இறக்கி, "எங்க வீட்ல இந்த மூணு ஆளும் நானேதான். உங்க வீட்ல எப்படிம்மா?" என்று கேட்பாள். மனைவிகள் கணவர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

"ஒரு ஃபேன் போடறதுக்கு இவ்வளவு எதுக்குங்க? எழுந்து போட மாட்டமா?" என்றார் ஒருமுறை ஒரு கணவர்.

"நீங்க எழுந்திருச்சதை அம்மா கடைசியா எப்பப் பார்த்தாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

"இதைப் போட்டா சண்டை குறையுமா?" என்றாள் அந்த அம்மாள்.

"குறையாதுங்க. ஃபேன் சத்தம் இல்லாம நிம்மதியாச் சண்டை போடலாம்."

மாடி வீட்டுக்காரியின் கணவன் பஸ் ஓட்டுகிறவன். தன் வீட்டுக்கு வந்தால் அவள் வாசல்படி தாண்டி ஒரு கணம் இருட்டில் நிற்பாள். விளக்கு எரியட்டும் என்று. அவன் ஒவ்வொரு நாளும் அதற்காகவே காத்திருப்பதுபோல நாற்காலியிலிருந்து எழுந்து வந்து ஸ்விட்சைப் போடுவான்.

"மகாராணி மன்னிக்கணும். இங்க சென்சாரும் நான்தான், ரிலேயும் நான்தான்."

"முடிவு பண்ற பெட்டி?"

"அது எப்பவும் நீங்கதான்."

மாடி வீட்டின் வயரிங், கோளாறு, ஏணி எல்லாம் ஓர் ஆளின் பொறுப்பில் இருந்தன. அவர் பெயரை யாரும் கேட்டதில்லை. சட்டைப்பையில் எப்போதும் டெஸ்டர் செருகியிருப்பார், அதனால் டெஸ்டர். தேநீர் கொடுத்தால்கூட முதலில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார் என்று கீழே கேலி செய்வார்கள். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அவள் அண்ணே என்பாள், அவர் ஏம்மா என்பார். மாடி வீட்டின் கஷ்டநஷ்டங்களை அந்த இருவர்தான் பேசிக்கொள்வார்கள்.

கஷ்டம் முதல் மாதத்திலேயே தொடங்கியது. ஏசிக் காற்றில் கூடத்துத் திரை அசையும். சென்சார் அதை ஆள் என்று எண்ணி விளக்கைப் போடும். வந்தவர்கள், வீட்டில் பேய் உண்டா என்று கேட்பார்கள். டெஸ்டர் சென்சாரின் கண்ணில் பாதிக்கு வெள்ளை டேப் ஒட்டினார். திரை அதன் பார்வைக்கு மறைந்தது. மேசைக்கு இடதுபக்கம் இருந்த ஒரு நடைபாதை மட்டும் அதற்குத் தெரிந்தது. அவள் எப்போதும் அந்த வழியில்தான் நடப்பாள். சரியாக வேலை செய்தது.

சமையலறை மேடை விளக்குக்கு ஒரு காந்தம் இருந்தது. அலமாரிக் கதவைத் திறந்தால் காந்தம் விலகும், விளக்கு எரியும். வலதுபக்கக் கதவு இறுகிக்கொண்டது. "அண்ணே, இடதுபக்கக் கதவுக்கு மாத்திடுங்க. எனக்கும் கை எட்டும்" என்றாள். மாற்றினார். படுத்தால் விளக்கை அணைக்கும் பட்டை மெத்தைக்கு அடியில் குறுக்காக இருந்தது. அவள் சுவரோரம்தான் உட்கார்ந்து காட்டுவாள் என்று பட்டையைச் சுவரோரம் நகர்த்தினார். வந்தவர்களின் பிள்ளைகள் வெள்ளைப் பெட்டியைப் பார்த்து எல்லாத்தையும் அணை என்று கத்தின. பெட்டியும் சொன்ன பேச்சைக் கேட்டது. அப்புறம் அவள் குரலுக்கு மட்டும் கேட்கும்படி அதைப் பழக்கினார்கள். மின்விசிறிச் சென்சாரை அவள் பேசிக்கொண்டே உள்ளங்கையால் பொத்துவாள். கைச்சூட்டில் மின்விசிறி சுழலும். அதற்குப் பொருத்தமாக அதையும் அவள் தோள் உயரத்துக்கு இறக்கிவைத்தார்.

இப்படி மூன்று வருஷம். ஒவ்வொரு திருத்தமும் நல்லதற்குத்தான் செய்தார்கள். வீடு ஒருநாளும் அவளைக் கைவிடவில்லை. அதில் தப்பு இருக்க முடியும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

ஒரு நாள் முதலாளி மாடிக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதமே சரியில்லை.

"மாடியை எடுத்துடலாம்னு இருக்கேன்மா. கீழேயே சுவர் நிறைய ஒரு டிவி வச்சா எல்லா வீட்டையும் படமாவே காட்டிடலாமாம். மாடியைப் பல் டாக்டர் ஒருத்தர் கேட்கறார்."

"அப்ப நான்?"

"பேக்கிங்ல உனக்கு இடம் எப்பவும் இருக்கு." அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு. ஆஸ்பத்திரி மேட்ரன் வராங்க. நர்சுங்களுக்குப் புதுசாக் குடியிருப்பு கட்டியிருக்காங்க, நாற்பது வீடு. அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சுன்னா டாக்டர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்."

முதலாளி போனபின் டெஸ்டர் சமையலறையை ஒரு நோட்டம் விட்டார்.

"மேடையில சாய்ச்சுப் படுக்கவச்சுப் பல்லைப் பிடுங்குவாங்கன்னு நினைக்கிறேன்."

"அண்ணே, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

அவளுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. பேக்கிங் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே பெட்டிகள் பேசாது. இங்கே நாள் முழுக்க மனிதர்கள் வந்தார்கள், தங்கள் வீட்டுச் சண்டைகளைக் கொண்டுவந்தார்கள், அவள் சொன்னதற்குச் சிரித்தார்கள். வாழ்க்கையில் தனக்கு ஒரு காரியம் நன்றாக வரும் என்று அவள் கண்டுகொண்டது அந்தக் கூடத்தில்தான்.

மேட்ரன் வந்தார். உயரமானவர், நரைத்த தலை, தோளில் கனத்த பை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறார் என்று வீங்கிய பாதங்களைப் பார்த்தாலே தெரிந்தது. மாடிப்படிகளை ஒவ்வொன்றாக ஏறினார். முதலாளி வரவேற்றார். அவள் வாய் திறக்கப் போனாள்.

"எதுவும் சொல்ல வேண்டாம்" என்றார் மேட்ரன். "எல்லாரும் வெளியிலயே இருங்க. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றவ மாதிரி நான் தனியாப் போய்ப் பார்க்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது. முதலாளி, டெஸ்டர், அவள் மூவரும் படிக்கட்டில் நின்றார்கள். ரிலே தட்டும் சத்தம் வெளியே வரைக்கும் கேட்கும். அவர்கள் காதைக் கூராக்கிக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

"விளக்கு எரியுதா?" என்றார் முதலாளி.

டெஸ்டரின் முகம் மாறியது. "ஏம்மா, டேப்பு" என்றார்.

அவளுக்கு டேப், காந்தம், மெத்தைப் பட்டை, குரல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. உள்ளே மேட்ரன், "லைட் போடு" என்பது கேட்டது. பிறகு கொஞ்சம் உரக்க, "லைட்டைப் போடு" என்றார். பெட்டி வாய் திறக்கவில்லை. மூன்று வருஷமாக அவளைத் தவிர வேறு யாரையும் மதிக்காதே என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

குளியலறைக்குப் பின்னால் டெஸ்டரின் ஏணி வைக்கும் சந்தும், அதற்கு ஒரு கதவும் இருந்தன. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். எங்கே போகிறாய் என்று முதலாளி கேட்பதற்குள் அவளைக் காணவில்லை.

சந்துக் கதவு, குளியலறை, படுக்கையறை. எட்டிப் பார்த்தாள். மேட்ரன் கூடத்தைக் கடந்து சமையலறைக்குள் போய்க்கொண்டிருந்தார். அவள் குனிந்தபடி தன் வழியில், மேசைக்கு இடதுபக்கமாக, ஒரு நடை நடந்தாள். டக். கூடத்து விளக்கு எரிந்தது. கூடத்தில்தான் மேட்ரன் இல்லை. சோபாவுக்குப் பின்னால் பதுங்கினாள்.

மேட்ரன் சமையலறையில் அலமாரிக் கதவைப் பலமாக இழுத்துத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். அவர் திறந்தது இறுகிய வலதுபக்கக் கதவு, காந்தம் இருந்தது இடதுபக்கம். எரிகிற விளக்கை அண்ணாந்து பார்த்தார். "இப்ப எதுக்கு?" என்று அதனிடமே கேட்டுவிட்டுப் படுக்கையறைக்குள் போனார். கட்டில் கிறீச்சிட்டது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. பட்டை இருப்பது சுவர்ப்பக்கம்.

அவள் சோபாவின் மறைவிலேயே டிவி பக்கம் நகர்ந்து, வெள்ளைப் பெட்டியிடம் வாய் வைத்து, "திரையைத் திற" என்று முணுமுணுத்தாள். படுக்கையறையில் மோட்டார் இரைந்தது. மலை விடிந்தது.

"யாரு?" என்றார் மேட்ரன்.

அவள் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னும் தாழக் குந்தினாள். காலடி நெருங்கி வந்தது. மேட்ரனின் தலை சோபாவுக்கு மேலே தெரிந்தது. ஒரு கையில் செருப்போடும் இன்னொரு கையில் வெள்ளைப் பெட்டியோடும் ஒரு பெண் குந்தியிருப்பதை அவர் சற்று நேரம் பார்த்தார்.

"எழுந்திருங்க. முட்டிக்கு ஆகாது."

எழுந்தாள்.

"நீங்க யாரு?"

"இந்த வீட்டுக்காரிங்க."

"வீட்டுக்காரி எதுக்கு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கணும்?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். கோளாறு என்று சொல்லலாம், மின்சாரம் சரியில்லை என்று சொல்லலாம். அவளுக்கு அது வாயில் வரவில்லை. வீட்டின் மேல் பழி போட மனம் வரவில்லை.

"இந்த வீட்டுக்கு உங்களைத் தெரியாதுங்க. என்னை மட்டும்தான் தெரியும். நான் நடக்கிற வழி, நான் திறக்கிற கதவு, நான் உட்கார்ற இடம்னு எல்லாத்தையும் என் அளவுக்கே மாத்தி மாத்தி வச்சுட்டோம். மூணு வருஷமா நான் மட்டும்தானே நடக்கறேன். அதான் உங்களுக்காக நான் பின்னாலயே வந்து..." என்று நிறுத்தினாள். "ஒரு ரூம் லேட்டாயிடுச்சு."

கதவைத் திறந்துகொண்டு முதலாளி வேகமாக வந்தார். "மேடம், அது வந்து, சின்ன ஒரு..."

"உங்களை வெளியில இருக்கச் சொன்னேனே" என்றார் மேட்ரன். முதலாளி வந்த வழியே போனார்.

மேட்ரன் சிரிக்க ஆரம்பித்தது அப்போதுதான். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க, சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க வார்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்தார். ஒரே ஒரு நர்ஸ் ஊசி போட்டாத்தான் கையை நீட்டுவார். அவ லீவுல போனா வார்டே அவதிப்படும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, வேற ஆளுக்கு ஏத்த மாதிரி இதை மாத்த முடியுமா?"

"அந்த ஆள் நடக்கறதைப் பார்த்தா மாத்திடலாம்."

"நான் நடக்கறேன். பாருங்க."

மேட்ரன் வெளியே போய், முதலாளியைத் தாண்டிக்கொண்டு, மறுபடி உள்ளே வந்தார். அவள் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அதுவரை அந்தக் கூடத்தில் நடந்ததெல்லாம் அவள்தான். இன்னொருவர் நடப்பதை உட்கார்ந்து பார்ப்பது புதிதாக இருந்தது. மேட்ரன் பையை வாசலில் வைக்காமல் மேசை வரைக்கும் கொண்டுபோனார், அதுவும் வலதுபக்கமாக. செருப்பைக் கழற்றும்போது சுவரில் கை ஊன்றினார். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டாள். சமையலறைக்குப் போனவர் எதையும் தொடாமல் நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன தேடறீங்கம்மா?"

"ஒண்ணுமில்ல. டூட்டி முடிஞ்சு வந்தா எப்பவும் இப்படித்தான் சமையலறையில போய் நின்னுடுவேன். எதுக்கு வந்தேன்னு யோசிச்சுக்கிட்டு."

"ரொம்ப நேரம் நிப்பீங்களா?"

"தேவைப்படற வரைக்கும்."

அவள் டெஸ்டரைக் கூப்பிட்டாள். "அண்ணே, இங்க ஒரு பிரச்சினை. அசையாம நின்னா சென்சார் ஆள் போயிட்டாங்கன்னு நினைச்சு அணைச்சுடும். சும்மா நிக்கறவங்களுக்கும் விளக்கு எரியணும்."

"நேரத்தைக் கூட்டி வச்சா ஆச்சு" என்று டெஸ்டர் ஏணியைப் பிரித்தார்.

டேப்பை உரித்தார். பசை விடமாட்டேன் என்று அடம்பிடித்தது. சென்சாரைப் பெயர்த்து எதிர்மூலைக்கு, வலதுபக்க வழியைப் பார்க்கிற மாதிரி கொண்டுபோனார். கூடத்துத் திரை அசையாமலிருக்க ஓரத்தில் கயிறு போட்டுக் கட்டினார். இறுகிய வலதுபக்கக் கதவின் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். மூன்று வருஷத்துக்கு முன்பே விட்டிருக்கலாம். காந்தம் வலதுபக்கம் போனது. பட்டை ஜன்னல் பக்கம் போனது. சுவரில் மேட்ரன் கை ஊன்றும் இடத்துக்குக் கீழே, செருப்பு தெரியட்டும் என்று ஒரு சிறு விளக்கைப் பொருத்தினார். மேட்ரன் பெட்டியின் முன் உட்கார்ந்து, அது தன் குரலைப் பிடித்துக்கொள்ளும் வரை, "லைட் போடு, லைட் அணை" என்று நோயாளிக்கு மருந்து சொல்லுகிற பொறுமையோடு சொன்னார்.

நடுவில் அவள் பழக்கத்தில் மேசைக்கு இடதுபக்கமாக நடந்துபோனாள். விளக்கு எரியவில்லை. நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணே, என்னை யாருன்னு கேட்குது."

"நன்றி கெட்ட வீடும்மா" என்றார் டெஸ்டர், ஏணியின் மேலிருந்து.

கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அதற்குள் மேட்ரன் மறுபடி வெளியே போய் உள்ளே வந்தார். சுவரில் கை ஊன்றினார், செருப்பு தெரிந்தது. மேசையில் பையை வைத்தார், கூடம் வெளிச்சமானது. சமையலறையில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். விளக்கும் அவரோடு நின்றது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தானே நடந்து காட்டியபோது ஒருநாளும் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

"கட்டிலை மட்டும் பார்த்துடறேன்" என்று மேட்ரன் ஜன்னல் பக்கம் படுத்தார். விளக்கு அணைந்தது. திரையை மூடு என்றார், அதுவும் மூடிக்கொண்டது.

அவளும் டெஸ்டரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். முதலாளி படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். காத்திருந்தார்கள். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. டெஸ்டர் கதவில் காதை வைத்துக் கேட்டார்.

"குறட்டை" என்றார்.

"என்ன?"

"தூங்கறாங்க."

முதலாளிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்போது ஒரு தம்பதி படியேறி வந்தார்கள். அவர் எழுந்து குறுக்கே நின்று, தணிந்த குரலில், "இப்பப் பார்க்க முடியாதுங்க. உள்ளே தூங்கறாங்க" என்றார்.

"மாதிரி வீட்லயா?"

"ஆமாங்க."

மனைவி கணவனை ஒரு பார்வை பார்த்தாள். "அது எந்த சென்சார்னு கேளுங்க. அதை மட்டுமாவது வாங்கிட்டுப் போவோம்."

முதலாளி அவர்களையும் படியில் உட்காரச் சொன்னார். கீழேயிருந்து எல்லோருக்கும் தேநீர் வந்தது. யாரும் குரலை உயர்த்தவில்லை.

மேட்ரன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. முதலாளியைப் பார்த்தார். "நாற்பது வீட்டுக்கும் போடுங்க. ஆனா பெட்டியை மாட்டிட்டுப் போயிடக் கூடாது. இந்தம்மா ஒவ்வொரு வீட்லயும் வந்து உட்கார்ந்து, அங்க குடியிருக்கற பொண்ணு எப்படி நடக்கறான்னு பார்க்கணும். அப்புறம்தான் ஏணியை விரிக்கணும். இங்கயும் இதே மாதிரி வர்றவங்களுக்கு மாத்திக் காட்டுங்க. அதைத்தான் ஜனங்க பார்க்கணும்."

முதலாளி அன்றே பல் டாக்டருக்குப் போன் செய்து, மாடியில் ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

குடியிருப்பின் முதல் வீடு ஓர் இளம் நர்சுடையது. சுவரில் இன்னும் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. மாடி வீட்டுக்காரி ஸ்டூலைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தாள். டெஸ்டர் ஏணியை வெளியே சாய்த்துவிட்டு வந்து நின்றார். நர்ஸ் வாசலில் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் விறைப்பாக நின்றாள்.

"சும்மா நடங்கம்மா."

நர்ஸ் நான்கு அடி நடந்து நின்றுவிட்டாள். "யாரோ பார்க்கறாங்கன்னா எனக்கு நடை வரமாட்டேங்குதுக்கா."

"நான் யாரோ இல்ல. நாற்காலின்னு நினைச்சுக்குங்க."

"நாற்காலி பேசுமா?"

"இவங்க பேசுவாங்க" என்றார் டெஸ்டர்.

நர்ஸ் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பையைச் சுழற்றித் தரையில் போட்டாள், ஒரு செருப்பை இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் உதறினாள், ஜன்னலுக்குப் போய் அதைத் திறந்து கைகளை வெளியே நீட்டிச் சோம்பல் முறித்தாள்.

"அங்கதாண்ணே" என்றாள் மாடி வீட்டுக்காரி மெதுவாக. டெஸ்டர் பென்சிலை எடுத்தார்.